இருபத்துமூன்று விநாடி

இரண்டு மீன்பெட்டியைக் கவிழ்த்து அடுக்கி
மேலே முக்காலி.
முக்காலியின் நடுவில் தொங்கும் வாளி நிறையக் கல்.
ஃபாரோ தீவுக் காற்றிடம்
வாளி இல்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போகக் கூடாது.

போன் பழசு. கண்ணாடியில் ஒரு விரிசல்,
நல்லவேளை லென்ஸ் வரை வரவில்லை.
மைக்குக்குக் காற்றுறை வாங்கப் பணமில்லை;
அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டினேன்.
அதன் ஜோடியைக் கையில் பிடித்தபடி
வீட்டில் இந்நேரம் திட்டிக்கொண்டிருப்பார்.

கிளப்பறை வைஃபை: மேலேற்றும் வேகம் மூன்று மெகாபிட்.
மூன்றே மூன்று. அதையும்
காபி மெஷினருகே நாலு பையன்கள்
உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.
கடவுச்சொல்லை மாற்றினேன். முறைத்தார்கள்.
ஆயிரத்து எண்பதை எழுநூற்றிருபதாக இறக்கினேன்.
தரம் குறையட்டும், அறுபடாமல் ஓடினால் போதும்.

ஸ்ட்ரீம் கீயை யாருக்கும் காட்டாதே என்றது திரை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
சால்மன் ஆலையில் எட்டு மணி நேரம் ஊறிய கை,
மை நிற்கவில்லை, இரண்டு எழுத்து போய்விட்டது.

நேற்றிரவு ஒத்திகை பார்த்தேன்.
இருட்டு மைதானம், ஒரு மணி நேரம் நேரலை.
பார்ப்பவர்: ஒருவர்.
அது நான்தான்,
வீட்டுக் கழிப்பறையில் இன்னொரு போனுடன்.

போன வாரம் கிளப்பறை ரேடியோவில் ஏதோ பாட்டு ஓட,
எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் இயந்திரம்
உரிமை மீறல் என்று ஆட்டம் முழுவதையும் ஊமையாக்கியது.
இன்று ரேடியோவின் வயர் என் சட்டைப்பையில்.

மூன்றாம் பிரிவு. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம்.
பார்ப்பவர்: நாற்பத்தொன்று.
டென்மார்க்கில் நர்சிங் படிக்கும் யோன்வா,
எதிரணி மாப்பிள்ளையின் வீட்டார்,
பெயர் புரியாத ஒரு பிரேசில்காரர்,
பேரண்ட்ஸ் கடலில், இழுவைப்படகில், ஹெய்னி.

ஹெய்னிதான் எங்கள் கோல்கீப்பர்.
காட் மீன் அவனைக் கூட்டிப் போய்விட்டது.
அவன் கையுறையை மாட்டி வலைக்கு முன் நிற்பவர்
பள்ளிப் பேருந்து ஓட்டும் பிராந்துர்.

ஐம்பதாவது நிமிடம் பந்து கடலில் விழுந்தது.
படகெடுத்துப் போய் மீட்டு வரும்வரை
ஓர் ஆட்டைக் காட்டினேன்.
எண்ணிக்கை நாற்பத்தேழானது.

எண்பத்தெட்டில் பெனால்டி.

இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர
இருபத்துமூன்று விநாடி.
பிராந்துர் வலப்பக்கம் குதித்தார்.
பந்து இடப்பக்கம் போனது.
வலை ஆடி அடங்கியது,
எதிரணி குவிந்து, கலைந்து, எழுந்தாயிற்று.
என் மடியில் மடிக்கணினி,
அதில் ஹெய்னி எழுதுகிறான்:
அவன் இடப்பக்கம்தான் அடிப்பான்
இடப்பக்கம்
பிராந்துர் இடப்பக்கம்

தட்டச்சுப் பலகையில் விரல் வைக்கவில்லை.
என்ன எழுதுவது? முடிந்ததென்றா?
முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்,
அது ஆடவேயில்லை என்றாலும்.
பிறகு ஒவ்வொருவராக மௌனமானார்கள்.
பிரேசில்காரர் மட்டும் ஓர் அழும் முகம் அனுப்பினார்.

ஆட்டம் முடிந்தது. அக்டோபர், சீக்கிரமே இருட்டு.
பார்ப்பவர்: மூன்று. இரண்டு. ஒன்று.
பேட்டரி நான்கு சதம்.
நிறுத்தப் போனேன்.

அணைக்காதே, என்று வந்தது.
கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு ரன்வா,
துறைக்கு மேலே, மஞ்சள் வீடு.
விளக்கு எரிகிறதா?

யார் வீடென்று எனக்குத் தெரியும்.
தீவுக்கே தெரியும்.
ஜூலையிலிருந்து அந்த வீட்டார் அவனிடம் பேசுவதில்லை என்பதும்.
திருப்பினேன்.
என் போனுக்கு அந்தத் தூரம் எட்டாது,
வீடு நாலு கட்டம், ஜன்னல் ஒரு புள்ளி.

எரிகிறது, என்று எழுதினான் அவனே.

அப்போது என் கண்ணெதிரே அங்கே இருட்டியிருந்தது.
அவனுக்கு இன்னும் கொஞ்சம் எரியும்.
கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.